துப்பாக்கிக்கு வாரிசு உண்டு

நிலத்தைப் பற்றிப் பேசியிருக்கிறோம். கோயில், குளம், சுடுகாடு, டீக்கடைத் தம்ளர் எல்லாவற்றையும் பற்றிப் பேசியிருக்கிறோம். பண்ணை வீட்டுச் சுவரில் மான் கொம்புக்குக் கீழே தொங்கிய துப்பாக்கியைப் பற்றி மட்டும் நாம் எழுதியதில்லை. அதைப் பார்த்துப் பயந்திருக்கிறோம், அவ்வளவுதான். அது எப்படி அந்தச் சுவருக்கு வந்தது, யார் கொடுத்த காகிதத்தின் பேரில் வந்தது, அந்தக் காகிதம் ஏன் நம் வளவுக்கு வரவில்லை என்று கேட்டதில்லை.

"எங்க அப்பாரு வேட்டைக்கு எடுத்துட்டுப் போன துப்பாக்கிங்க இது." காங்கயம், தாராபுரம், உடுமலை என்று எந்தப் பக்கத்துப் பெரிய வீட்டிலும் காதில் விழக்கூடிய பேச்சு இது. அப்பாரு தோட்டம் வைத்திருந்தார், பேரன் பனியன் கம்பெனி வைத்திருக்கிறான். பழம்பொருள் மோகம் வந்துவிட்ட காலம். துருவை எடுத்து, கட்டைக்கு எண்ணெய் போட்டு, எந்த வருஷத்துச் சரக்கு என்று தேடிக் கண்டுபிடித்து, கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும். நல்லது, செய்யட்டும். ஒரு பொருளின் வரலாற்றைத் தேடுவது தப்பில்லை. தேடுவதென்றால் முழுசாகத் தேட வேண்டும் என்பதுதான் இங்கே வழக்கு.

முதலில் சட்டம். 1959ஆம் வருட ஆயுதச் சட்டமும் 2016இல் வந்த ஆயுத விதிகளும்தான் இன்று நடப்பில் இருப்பவை. உரிமம் வைத்திருந்தவர் இறந்துபோனால் சட்டப்படியான வாரிசு அந்தத் துப்பாக்கிக்கு உரிமம் கேட்கலாம். இருக்கும்போதேகூட, 70 வயது ஆனாலோ, 25 வருஷம் அதை வைத்திருந்தாலோ, வாரிசு பேருக்கு மாற்றிக் கொடுக்கலாம். ஏருக்கு, தறிக்கு, தோல் தைக்கிற ஊசிக்கு இப்படி அரசிதழில் வாரிசு விதி எழுதி வைத்தவர் யாரும் இல்லை. துப்பாக்கிக்கு எழுதியிருக்கிறார்கள்.

அடுத்தது, துப்பாக்கியைப் படிப்பது. இது படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய வித்தைதான், ஒளிக்க ஒன்றுமில்லை. குழலைக் கட்டையிலிருந்து கழற்றி அடிப்பக்கம் பார்க்க வேண்டும். இங்கிலாந்துச் சரக்காக இருந்தால் அங்கே சின்னச் சின்ன முத்திரைகள் குத்தியிருக்கும். லண்டன் துப்பாக்கிக் கைவினையர் சங்கம் 1637இல் பட்டயம் பெற்றது. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813இல் சட்டம் போட்டு ஏற்பட்டது. அளவுக்கு மீறிய மருந்தைக் கெட்டித்துச் சுட்டுப் பார்த்து, குழல் வெடிக்கவில்லை என்றால் முத்திரை குத்துவார்கள். முத்திரையின் வடிவம் காலத்துக்குக் காலம் மாறியிருப்பதால் எந்த வருஷத்துக்கு முன்னால், எதற்குப் பின்னால் என்று கணக்கிடலாம். பிறகு வரிசை எண். பெரிய கம்பெனிகள் பல எந்த எண் யாருக்கு விற்றது என்று பேரேடு வைத்திருந்தன. குழலின் மேலே 'மதராஸ்' என்று எழுதியிருப்பதைக் கண்டு மதராஸில் செய்தது என்று நினைத்துவிடக் கூடாது. மவுண்ட் ரோட்டில் கடிகாரம் விற்ற பி. ஓர் அண்ட் சன்ஸ் துப்பாக்கியும் விற்றது. விற்றவர் பெயரை மேலே பொறிப்பது வழக்கம். செய்தவரைக் கண்டுபிடிக்க அடியில்தான் பார்க்க வேண்டும்.

துளை அளவிலும் ஒரு அரசியல் உண்டு. 12 போர் என்றால், ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டையாக்கினால் அதில் ஒன்று சரியாகப் போகிற குழல் என்று பொருள். ரவைத் துப்பாக்கிக்கு அந்தக் கணக்கு. ரைஃபிளுக்கு அங்குலக் கணக்கு. வெள்ளைக்காரப் பட்டாளத்தின் தோட்டா .303. கலகக்காரர்கள் பட்டாளத்துத் தோட்டாவைத் திருடித் தங்கள் துப்பாக்கியில் போட்டுவிடக் கூடாது என்பதற்காகப் பட்டாளத் துளையைப் பொதுஜனத்துக்குத் தடுத்தார்கள். 1907 வாக்கில் .450 துளைக்கும் இந்தியாவில் தடை வந்தது. துப்பாக்கிக் கம்பெனிகள் உடனே .470, .465 என்று புதுத் துளைகளைச் செய்து தள்ளின. விடுதலைக்குப் பிறகும் இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலை பொதுமக்களுக்கென்று செய்தது .315 ரைஃபிள். ஆள்கிறவன் யாரைக் கண்டு பயந்தான் என்பது குழலின் துளையிலேயே பதிவாகியிருக்கிறது.

புதுப்பிக்கிற வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவன் முத்திரையையும் சேர்த்து அழிக்கிறான். எண்ணெயில் ஊறவைத்து, துருவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து எடுக்க வேண்டும். வால்நட் கட்டைக்கு வார்னிஷ் கூடாது, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைக் கையால் தேய்த்தால் போதும். குழலில் பாம்புச் சட்டை மாதிரி வரிவரியாக நெளிவு தெரிந்தால் அது இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றிச் செய்த பழைய டமாஸ்கஸ் குழல். கரிமருந்துக்குச் செய்தது, இன்றைய தோட்டாவைப் போட்டால் கையில் வெடிக்கும். உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுது பார்ப்பது 5ஆம் பிரிவின்படி குற்றம் என்பதையும் சொல்லி வைக்கிறேன். துடைக்கிற துணிக்கு மட்டும் பஞ்சமில்லை. திருப்பூரில் பனியன் வேஸ்ட் கிலோக் கணக்கில் கிடைக்கிறது. ஊரில் இருக்கிற அத்தனை ஒர்க்‌ஷாப்பும் அதில்தான் கை துடைக்கிறது.

இப்படிக் குழலுக்கு முத்திரை, எந்திரத்துக்கு எண், மரத்துக்குப் பெயர், விற்றவனுக்குப் பொறிப்பு என்று எல்லாம் கிடைத்துவிடும். கிடைக்காதது ஒன்று உண்டு. துப்பாக்கியைத் தோளில் மாட்டுகிற வார். சீமையிலிருந்து கூட வந்த வார் இந்த வெயிலுக்கும் வேர்வைக்கும் சில வருஷத்தில் வெடித்துப்போகும். அதற்குப் பிறகு போட்ட வாரை யார் தைத்தார்கள்? தோட்டாப் பையை, உறையை யார் தைத்தார்கள்? கொங்கு நாட்டுக் கிராமத்தில் தோல் வேலை யார் கையில் இருந்தது என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. மாதாரி கையில் இருந்தது. செத்த மாட்டைத் தூக்கி, தோலை உரித்து, சுண்ணாம்பிலும் ஆவாரம்பட்டையிலும் ஊறவைத்துப் பதப்படுத்தின கை அது. அந்தக் கைக்கு முத்திரையும் எண்ணும் கிடையாது.

வாரோடு நிற்கவில்லை விஷயம். துப்பாக்கி வாங்கின காசு எங்கிருந்து வந்தது? இந்தப் பூமியில் காசு பருத்தியில் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி மதராஸ் மாகாணத்துக்கு வந்து கோயமுத்தூர் ஜில்லாவில் பரவியது. கிணற்றுப் பாசனத்தில் நீளமான இழை கொடுக்கிற பயிர் அது. கிணற்றிலிருந்து தண்ணீர் ஏறியது கவலையில். கவலை என்றால் இரண்டு எருது, ஒரு வடம், தோல் பறி, அதற்கு ஒரு தோல் வால். பறி கிழிந்தால் பயிர் காயும். அதைத் தைத்துக் கொடுப்பதும் ஒட்டுப்போடுவதும் மாதாரியின் வருஷ வேலை, வருஷக் கூலி தானியமாக. 1930களில் பைகாரா மின்சாரம் கோயமுத்தூர்ப் பக்கம் இறங்கி, மோட்டார் கிணற்றில் உட்கார்ந்த பிறகுதான் தோல் பறிக்கு மெல்ல மெல்லச் சாவு வந்தது. 1925இல் திருப்பூருக்குப் பின்னலாடை எந்திரம் வந்ததைத் தொழில் வரலாறு என்று எழுதுகிறார்கள். எந்திரத்துக்கு முன்னால் பஞ்சு, பஞ்சுக்கு முன்னால் தண்ணீர், தண்ணீருக்கு முன்னால் தோல். இந்த முதல் படியை எழுதுகிறவர் குறைவு.

பஞ்சு என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். தோட்டாவுக்குள்ளும் இருப்பது பஞ்சுதான். நைட்ரிக் அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் பஞ்சை ஊறவைத்தால் வெடிபஞ்சு. அதை நைட்ரோகிளிசரினோடும் கொஞ்சம் வாசலினோடும் பிசைந்து நூலாகப் பிழிந்தது கார்டைட். முதலில் வந்த கார்டைட்டில் நூற்றுக்கு 37 பங்கு வெடிபஞ்சு, பின்னால் வந்ததில் 65 பங்கு. நீலகிரியில் அரவங்காட்டுத் தொழிற்சாலை 1904 முதல் இதைச் செய்துவருகிறது. அந்தக் காலத்து ரைஃபிள் தோட்டாவை வெட்டிப் பார்த்தால் சேமியா மாதிரி நூல் நூலாகக் கிடக்கும். (கரிமருந்தில் பஞ்சு இல்லை. அது வெடியுப்பு, கரி, கந்தகம். நாட்டுத் துப்பாக்கிக்காரர்களுக்குத் தெரிந்த கணக்கு.)

வேட்டைக்கு வருவோம். துரைமார்கள் எழுதின வேட்டை நூல்கள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. சாண்டர்சன் 1878இல் மைசூர்ப் பக்கத்து வேட்டையைப் பற்றி எழுதினார், அதற்கு முன்னாலும் பின்னாலும் எத்தனையோ பேர். என்ன துளை, எத்தனை குன்றிமணி மருந்து, எத்தனை கஜத் தூரம், புலி மூக்கிலிருந்து வால் வரை எத்தனை அடி எத்தனை அங்குலம் என்று எல்லாம் துல்லியமாக இருக்கும். காட்டை வளைத்து, தப்படித்து, கூச்சல் போட்டு மிருகத்தைத் துப்பாக்கி முன்னால் கொண்டுவந்து விட்டவர்கள் பெரும்பாலும் ஒரு எண்ணிக்கையாகத்தான் வருவார்கள். ஐம்பது பேர், நூறு பேர். துப்பாக்கிக்காரன் மரத்து மேல் பரணில், ஓட்டுகிறவன் தரையில். காயம்பட்ட மிருகம் திரும்பினால் யார் மேல் பாயும் என்று கேட்க வேண்டுமா? பறை எங்கள் பண்பாட்டு ஆயுதம் என்று மேடையில் அடிக்கிறோம். அடிக்கத்தான் வேண்டும். அந்தப் பறை எசமானுடைய துப்பாக்கிக்கு முன்னால் கூலிக்கும் கூலியில்லாமலும் அடிக்கப்பட்டது என்பதும் அதன் வரலாற்றில் உண்டு.

ஆனைமலைப் பக்கம் காடர், மலசர், புலையர் தடம் பார்த்துக் கொடுத்தார்கள். காட்டை அறிந்தவர்கள் அவர்கள். 1882இல் மதராஸ் வனச் சட்டம் வந்தபோது காடு சர்க்காருடையதாயிற்று. நீலகிரியில் 1879இலேயே வேட்டை விலங்குகளைக் காப்பாற்றச் சட்டம் போட்டுவிட்டார்கள். யாரிடமிருந்து காப்பாற்ற? துரையினுடைய ரைஃபிளிடமிருந்து அல்ல, அதற்குப் பருவமும் அனுமதிச் சீட்டும் உண்டு. கண்ணி வைக்கிறவனிடமிருந்து. ஒரே முயலைத் துரை சுட்டால் விளையாட்டு, மலையாள் பிடித்தால் திருட்டு. 1972இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 1991 திருத்தத்தோடு வேட்டை அறவே முடிந்தது. சரணாலயத்துக்குப் பத்துக் கிலோமீட்டருக்குள் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று அதே சட்டத்தின் 34ஆம் பிரிவு சொல்கிறது. உடுமலை, அமராவதிப் பக்கத்து ஊர்கள் எத்தனையோ அந்த எல்லைக்குள் வரும். அந்தப் பதிவேட்டையும் யாராவது புரட்டிப் பார்க்க வேண்டும்.

இனிக் காகிதம். 1801 டிசம்பர் 1ஆம் தேதி, பாளையக்காரர் போர் அடங்கிய கையோடு, தென்பாளையங்களில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று கிளைவ் பிரபு பிரகடனம் போட்டார். இந்தப் பக்கம் தீரன் சின்னமலையை 1805இல் சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள். அவரோடு நின்ற பொல்லான் நம்மவர். செருப்புக்குள் சேதி வைத்து அனுப்பினார் என்பது மக்கள் வழக்கு. ஈரோடு மாவட்டத்தில் அவருக்கு அரசு நினைவரங்கம் கட்ட எத்தனை வருஷம் மனுக் கொடுக்க வேண்டியிருந்தது என்பது மனுக் கொடுத்தவர்களுக்குத் தெரியும். அவர் கதையில் ஆயுதம் எது என்று பாருங்கள். வாளில்லை, துப்பாக்கியில்லை. தோல்.

1857க்கும் தோலும் கொழுப்பும்தான் தொடக்கம் என்று உத்தரப்பிரதேசத்துத் தலித் வரலாறு சொல்கிறது. தோட்டாத் தொழிற்சாலையில் வேலை பார்த்த மாதாதீன் தாகத்துக்கு மங்கள் பாண்டேயின் செம்பைக் கேட்டார், பாண்டே தீட்டு என்று மறுத்தார், 'மாட்டுக் கொழுப்பைப் பல்லால் கடிக்கிற உனக்கு என்ன தீட்டு' என்று மாதாதீன் திருப்பிக் கேட்டார் என்பது அந்தக் கதை. பாடப் புத்தகத்துக்கு அது வராது. எப்படியோ, கலகத்துக்குப் பிறகு வெள்ளைக்காரனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. 1878இல் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். வெள்ளையருக்கு விலக்கு, இந்தியருக்கு உரிமம். காங்கிரஸ்காரர்கள் இதை இந்தியரின் மானத்துக்கு வந்த இழுக்கு என்று கொதித்தார்கள். நியாயம்தான். ஆனால் இந்தியருக்குள்ளே யாருக்கு உரிமம் போனது?

மாஜிஸ்டிரேட் உரிமம் கொடுக்கிறார் என்றால் அவர் நேராக வந்து பார்க்கிறதில்லை. ஆளுடைய தராதரம் என்ன, சொத்து என்ன, சர்க்காருக்கு விசுவாசமா என்று கீழே கேட்பார். கீழே என்றால் தாசில், தாசிலுக்குக் கீழே மணியக்காரர், கர்ணம். இந்தப் பரம்பரைக் கிராம உத்தியோகம் 1980இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழிக்கிற வரைக்கும் நிலவுடைமைச் சாதிகள் கையில் இருந்தது. மணியக்காரர் எழுதுகிற ஒரு வரியில் துப்பாக்கி வரும் அல்லது வராது. சேரியிலிருந்து ஒருவன் போய் 'எனக்கும் ஒரு துப்பாக்கி வேணுங்க' என்று கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எழுதத் தேவையில்லை.

விடுதலைக்குப் பிறகு வந்த 1959 சட்டம் வெள்ளையன் கறுப்பன் பேதத்தை எடுத்துவிட்டது. அதன் 13ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பயிர்க் காவலுக்கு என்று கேட்டால் வாய்வழி மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு உரிமம் தர வேண்டும். பயிர்க் காவலுக்கு! பயிர் இருக்கிறவனுக்குத்தானே காவல்? நிலமில்லாதவன் ராத்திரி பூராவும் பரணில் உட்கார்ந்து தகரத்தைத் தட்டிக் காவல் காப்பான், துப்பாக்கி நிலக்காரன் வீட்டில் இருக்கும். சாதி என்ற வார்த்தை சட்டத்தில் எங்கேயும் இல்லை. நிலம் என்ற ஒரு சல்லடை போதும், சாதி தானாக வடிகட்டப்படும்.

இதை அம்பேத்கர் 1936லேயே 'சாதியை அழித்தொழித்த'லில் சொல்லிவிட்டார். இந்தியாவில் அடித்தட்டு மக்கள் ஏன் புரட்சி செய்யவில்லை என்ற கேள்விக்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, சதுர்வர்ணம் அவர்களுக்கு ஆயுதத்தை மறுத்தது என்பது. அவர் தகப்பனார் ராணுவத்தில் சுபேதார். 1818 ஜனவரி 1 கோரேகானில் மகர்கள் பேஷ்வாப் படையை எதிர்த்துச் சுட்டவர்கள். அதே மகர்களைப் படையில் எடுப்பதை 1890களில் நிறுத்தினார்கள். 'போர்க்குணம் உள்ள சாதி' என்று ஒரு கோட்பாடு வந்து மதராஸ் ராணுவத்தையும் சுருக்கியது. பறையர்கள் பலர் இருந்த மதராஸ் பயனியர் படையை 1933இல் கலைத்தார்கள். உலகப்போர் வந்ததும் ஆள் வேண்டியிருந்தது. 1941இல் மகர் ரெஜிமென்ட், 1943இல் சமார் ரெஜிமென்ட். போர் முடிந்ததும் 1946இல் சமார் ரெஜிமென்டைக் கலைத்து அனுப்பிவிட்டார்கள். தோல் தைக்கிற சாதிக்கு மூன்று வருஷம்தான் துப்பாக்கி. அதுவும் சாவதற்கு ஆள் தேவைப்பட்டபோது. வாரிசுக்கு விட்டுச் செல்கிற துப்பாக்கி இல்லை அது, கணக்கில் ஒப்படைத்துவிட்டு வருகிற துப்பாக்கி.

சுவரில் தொங்குகிற துப்பாக்கி மிருகத்தை மட்டும்தான் சுட்டது என்று யாரும் சொல்ல வேண்டாம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணிக்கு வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. சுட்டார்கள். சுட்டதால்தான் மக்கள் சிதறி ஓடினார்கள். ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும் ஒரு குடிசைக்குள் ஒடுங்கினார்கள். 44 பேர். குண்டடி பட்டவர்கள் பிழைத்துக் கிடந்தார்கள். 1973இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய் இந்தக் காரியத்தைச் செய்திருப்பார்கள் என்று நம்பக் கடினமாக இருக்கிறதாம். தராதரம் பார்த்து உரிமம் கொடுத்த அதே கண், தராதரம் பார்த்து விடுதலையும் கொடுத்தது.

இனி நம் கையில் இருக்கிற ஒரு காகிதத்தைப் பற்றி. 1989ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995இல் விதிகள் வந்தன. அதில் 3ஆம் விதியை எத்தனை தோழர்கள் படித்திருக்கிறார்கள்? வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று அடையாளம் கண்ட இடத்தில், தேவைப்பட்டால், பட்டியல் சாதியையும் பழங்குடியையும் சேராதவர்களின் துப்பாக்கி உரிமத்தை ரத்து செய்து ஆயுதத்தை அரசுக் கிடங்கில் ஒப்படைக்க வைக்கலாம். அவர்களுடைய உரிமம் மட்டுமல்ல, அவர்களின் நெருங்கிய உறவினர், வேலைக்காரர், குடும்ப நண்பர் உரிமமும் சேர்த்து. கள்ளத் துப்பாக்கியைப் பறிமுதல் செய்ய வேண்டும். தேவைப்பட்டால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பாதுகாப்புக்காகத் துப்பாக்கி உரிமம் வழங்கலாம். இந்த விதியை எழுதினவர்களுக்கு ஊர் எப்படி இயங்குகிறது என்று தெரிந்திருக்கிறது. பெரிய மனிதன் பேரில் இல்லாத துப்பாக்கி அவன் கணக்குப்பிள்ளை பேரில் இருக்கும் என்று தெரிந்துதான் வேலைக்காரர், குடும்ப நண்பர் என்றெல்லாம் சேர்த்திருக்கிறார்கள்.

எல்லோரும் துப்பாக்கி தூக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. சேரிக்குள் நாலு துப்பாக்கி வந்தால் முதலில் அடிவாங்குவது சேரிதான். எனக்கு வேண்டியது விதியின் முதல் பாதி. ரத்து செய்கிற பாதி. அதை நடைமுறைப்படுத்தும்படி கேட்பதற்குக்கூட எந்த ஊரில், யார் வகையறாவிடம், எத்தனை துப்பாக்கி என்ற கணக்கு வேண்டும். காட்டுப்பன்றித் தொல்லை பேசப்படுகிற நேரம் இது. 2025 தொடக்கத்தில் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியைப் பயிற்சி பெற்ற பணியாளர்களை வைத்துச் சுட அனுமதித்தது. சுடுகிற பொறுப்பு அரசுடையது என்று ஆன பிறகு பயிர்க் காவல் உரிமங்களுக்கு என்ன வேலை மிச்சம் என்று கேட்கலாமே.

கேட்கிற வழி இருக்கிறது. உரிமங்கள் எல்லாம் இன்று கணினியில் எண்ணோடு ஏறியிருக்கின்றன. திருப்பூர் மாவட்டம் 2009இல் பிரிந்தது, அதற்கு முந்தையவற்றுக்குக் கோயமுத்தூர், ஈரோடு கோப்புகளையும் கேட்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். நடப்பில் உள்ள துப்பாக்கி உரிமங்கள் எத்தனை. அதில் பயிர்க் காவலுக்கு எத்தனை. வாரிசு வழியில் மாற்றப்பட்டவை எத்தனை. பட்டியல் சாதி, பழங்குடியினர் பேரில் எத்தனை. வன்கொடுமை நிகழக்கூடியவை என்று அடையாளம் காணப்பட்ட கிராமங்கள் எவை. 1995க்குப் பிறகு 3ஆம் விதியின் கீழ் ரத்தான உரிமங்கள் எத்தனை. பெயர் கேட்டால் தனிநபர் விவரம் என்று தட்டிக் கழிப்பார்கள், எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். அதோடு ஊரில் தோல் வேலை செய்த கிழவர்கள் யாராவது இருந்தால் உட்கார்ந்து பேசி, யார் வீட்டுத் துப்பாக்கிக்கு வார் தைத்தார்கள், என்ன கூலி கொடுத்தார்கள் என்று எழுதி வாங்குங்கள். அவர்கள் இன்னும் அதிக நாள் இருக்க மாட்டார்கள். ஆட்சியர் அலுவலகம் முப்பது நாளில் பதில் தர வேண்டும். விண்ணப்பத்துக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும்.